மருந்தில்லாத நோய்க்கு இத்தனை ஆண்டுப் படிப்பு எதற்கு?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய மகள் மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்த பாட்டிக்கு இரண்டு ஆண்டுகளாக மறதி கூடிக்கொண்டே வருவதைப் பார்த்த அந்தப் பெண், நரம்பியல் படித்து, பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்து, டிமென்ஷியா எனப்படும் மறதி நோயையே ஆராயப் போவதாகச் சொல்கிறாராம். உறவினர்களோ, "மருந்தே இல்லாத நோய்க்கு டாக்டர் என்ன செய்யப் போகிறார்? இருதயம் படிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊரிலேயே ஒரு கிளினிக் திறக்கட்டும்" என்கிறார்களாம். அந்த வேலை உண்மையில் என்ன, எத்தனை ஆண்டு ஆகும், தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதில் இடம் உண்டா என்று கேட்டிருந்தார். வீட்டில் எல்லாரும் படிக்கும்படி தமிழில் எழுதும்படியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐயா, நானும் உங்கள் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பில், லயத்து வீட்டில் வளர்ந்தவன். என் அம்மாவும் பால்வெட்டுக்காரர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிற்சி மருத்துவமனை ஒன்றில் நரம்பியல் கற்பித்தும், மறதி நோயாளிகளைப் பார்த்தும் வருகிறேன். எனவே உங்கள் உறவினர்களின் கேள்வியை நான் குறைத்து மதிக்கவில்லை. என் தாய்மாமன் கேட்ட கேள்வியும் அதுவே.

மருந்தில்லை என்பது பாதி உண்மை. மறதி என்று சொல்லி அழைத்து வரப்படும் எல்லாருக்கும் மறதி நோய் இருப்பதில்லை. பி12 ஊட்டச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பிக் குறைபாடு, மனச்சோர்வு, நீண்ட காலக் குடிப்பழக்கத்தால் வரும் தையமின் (வைட்டமின் பி1) குறைவு, சளிக்கும் சிறுநீர்ப் பைக்கும் தூக்கத்துக்கும் என்று பல இடங்களில் வாங்கிச் சேர்த்த மாத்திரைகள் ஆகியவை மறதி நோயைப் போலவே வேடமிட்டு வரும். ஒரு பெரியவரை எனக்கு நினைவிருக்கிறது. சில வாரங்களில் பேச்சுக் குழறி, பகலெல்லாம் தூங்கி வழிந்து, மகனையே அடையாளம் தெரியாத நிலைக்குப் போய்விட்டார். "வயசாச்சு" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஐந்து வாரங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை வடித்தெடுத்த பத்தாம் நாள், அவர் வேலை பார்த்த காலத்துப் பெரட்டுக் கணக்கை (காலையில் ஆள் கூட்டி எடுக்கும் கணக்கு) எனக்கு ஒப்பித்துக் காட்டினார்.

நோய் இருப்பது உறுதியான பிறகும் எந்த வகை என்று பிரித்தறிவது உயிர் காக்கும் காரியமாகவே இருக்கிறது. அல்சைமர் நோய் ஒன்று. மூளை இரத்தக் குழாய்கள் கெட்டு வருவது மற்றொன்று. லூயி உடல் எனப்படும் புரதக் கட்டிகள் மூளையில் சேர்வதால் வரும் மறதி நோய் இன்னொன்று. இந்த மூன்றாவது வகையில் நோயாளிக்குக் கண்முன்னே சிறு பிள்ளைகளும் விலங்குகளும் தெளிவாகத் தெரியும், ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம் என்று மாறி மாறி வரும், நடை தளரும். நம் ஊரில் இதைக் காற்று சேஷ்டை என்று நினைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கோயிலில் யாரும் ஊசி போடுவதில்லை. அவசரப் பிரிவில் நோயாளி கூச்சலிடும்போது, அடக்குவதற்காக ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து. இந்த வகை நோயாளிகளில் பலருக்கு அது உடலை விறைக்க வைத்து, சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும். இதைத் தெரிந்த ஒருவர் அந்த மருத்துவமனையில் இருந்து, இளைய மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவரின் வேலையில் ஒரு பங்கு அதுவே.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன், ஏனென்றால் உறவினர்களுக்கு மிகவும் புரியாமல் இருப்பது அதுதான். ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் எலியும் மனத்தில் வருகின்றன. 1901இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணியின் எதிரில் அமர்ந்து, பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில்களை வந்தபடியே எழுதி வைத்தார் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1906இல் அந்தப் பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, கண்டதை அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் அறிவித்தார். அவர் எழுதிய கோப்பு 1990களில் மீண்டும் கிடைத்தபோது, அந்தக் கேள்வி பதில்கள் அப்படியே இருந்தன. இந்தத் துறை தொடங்கியதே பொறுமையாகக் கேள்வி கேட்பதிலிருந்துதான். எந்தக் கேள்வியை, எந்த மொழியில், யாரிடம் கேட்பது என்பது இன்றும் முடிவுக்கு வராத ஆராய்ச்சி. உங்கள் மகளுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் நினைவுத்திறன் சோதனை 1975இல் அமெரிக்காவில் வெளிவந்தது, 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, இது என்ன பருவகாலம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், இந்தத் தாளில் உள்ளதைப் படித்து அதன்படி செய்யுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்கும். மலேசியாவில் பருவகாலம் என்ன என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. துரியான் பருவம் என்று வேண்டுமானால் சொல்லலாம். பத்து வயதில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்று, பன்னிரண்டில் அம்மாவுக்குக் கைவேலையாகக் காட்டுக்குப் போன ஒரு பெண்ணின் கையில் பென்சிலைக் கொடுத்து ஐங்கோணம் வரையச் சொன்னால், எழுபது வயதில் அவர் எடுக்கும் மதிப்பெண் மூளையைக் காட்டுகிறதா, கிடைக்காமல் போன பள்ளிக்கூடத்தைக் காட்டுகிறதா?

அதே பெண்மணி நாளொன்றுக்குச் சுமார் 500 மரங்கள் கொண்ட நிரையை விடியுமுன் தொடங்கி முடித்தவர். எந்த மரம் பால் வற்றியது, எதன் பட்டை புண்பட்டது, எந்த மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) ஓட்டை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவை அளக்க எந்தச் சோதனைத் தாளிலும் இடமில்லை. மறுபுறம், கிராணி (தோட்டக் கணக்கர்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் 28 மதிப்பெண் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். அவர் மனைவிக்கு மட்டும் தெரியும், இரண்டு மாதமாக மின்சாரக் கட்டணத்தை மாதம் மூன்று முறை செலுத்திக்கொண்டிருக்கிறார் என்று.

2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. படிப்பில்லாதவர்களிடம் அந்த விகிதம் உயர்ந்திருந்தது. இளமையில் கல்வி குறைவாகக் கிடைப்பது பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பை உண்மையிலேயே கூட்டுகிறது. அதே குறைவு, சோதனையில் மதிப்பெண்ணைப் பொய்யாகவும் குறைக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் நிகழும்போது எது எவ்வளவு என்று பிரிப்பது எப்படி? தோட்டத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை முழுவதையும் பற்றிய கேள்வி இது. அந்தத் தலைமுறை இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறது, காத்திருக்காது.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. 1998இல் தொடங்கிய 10/66 என்ற ஆய்வுக் குழுவின் பெயரிலேயே காரணம் இருக்கிறது: மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை. அவர்கள் சென்னையிலும் வேலூரிலும் தமிழிலேயே வீடு வீடாகச் சென்று ஆய்ந்தார்கள். நோயாளியிடம் கேட்பதோடு, கூட வாழ்பவரிடமும் தனியாகக் கேட்டார்கள். சிட்னியில் 2004இல் பல இனக் குடியேறிகளுக்கென்று உருவான ருடாஸ் சோதனை, தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று ஒரு கடைச் சாமான் பட்டியலை நினைவில் வைக்கச் சொல்கிறது. நம் பாட்டிகளுக்கு இது எவ்வளவோ மேல். (அதிலும் ஒரு கனசதுரத்தை வரையச் சொல்கிறார்கள். மருத்துவர்களுக்கு வடிவியலை விட மனம் வரவில்லை போலும்.) ஆனால் தமிழ்நாட்டுத் தமிழில் ஆக்கிய கேள்வியை அப்படியே சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவர முடியாது. நம் பாட்டி தமிழும் பாசார் மலாயும் கலந்து பேசுவார். பணம் என்றால் வெள்ளி, சந்தை என்றால் பாசார். அந்தச் சோதனையை இங்கே சரிபார்த்து, எத்தனை மதிப்பெண்ணில் கோடு கிழிப்பது என்று நிறுவுவதே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான வேலை.

பல மொழி பேசுவது குறையும் அல்ல. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிடச் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே நோய் தொடங்கியதாகக் கண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. பிற இடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒப்பவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து ஊர் முழுவதையும் பற்றி முடிவு சொல்வதில் உள்ள சிக்கலும் உண்டு. இருந்தாலும் பள்ளிக்கூடம் போகாமலேயே இரண்டு மூன்று மொழியில் புழங்கிய மக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை உங்கள் மகளை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். நோயாளி பார்க்கும் அறையில் எழும் ஒரு கேள்வி எப்படி ஆராய்ச்சியாகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 முதல் வழக்கில் உள்ள டொனெப்பெசில் சிலருக்குச் சில காலம் ஓரளவு தெளிவு தரும், நோயை நிறுத்தாது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் லெக்கானமாப் 2023இலும், டொனானமாப் 2024இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. லெக்கானமாப் ஆய்வில் 1,795 பேர் பங்கேற்றார்கள். 18 மாத முடிவில், 18 புள்ளி கொண்ட அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வேறுபாடு 0.45 புள்ளி. நாளிதழ்கள் இதை 27 விழுக்காடு மெதுவாக்கம் என்று எழுதின. இரண்டும் ஒரே செய்திதான். லெக்கானமாபைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கே கொடுக்க முடியும். சுங்கை சிப்புட்டிலிருந்து பாட்டியை இதற்காக மாதம் இருமுறை கோலாலம்பூருக்குக் கொண்டுபோகச் சொல்ல எனக்கு இன்று மனம் வராது. இருந்தும், நோயின் வேரைத் தொட்டு அதன் ஓட்டத்தைச் சற்றேனும் மாற்ற முடியும் என்று காட்டிய மருந்துகள் இவை. உங்கள் மகள் நிபுணராகும்போது நிலைமை இதுவாக இருக்காது.

எனக்கு இதைவிட ஆர்வமூட்டுவது இரத்தப் பரிசோதனை. அல்சைமர் நோயில் இரத்தத்தில் கூடும் பி-டாவ்217 என்ற புரதத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு குழாய் இரத்தம் சிறிய ஊரிலிருந்தும் பயணம் போகும். எழுபது வயதுப் பாட்டி போக வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் இந்தப் புரதத்தின் அளவு தானாகவே உயர்ந்திருக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனிப்பு நீர் நெடுநாள் இருந்தால் சிறுநீரகம் என்னாகும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேறு நாட்டு மக்களிடம் நிறுவிய அளவுகோடு நம் மக்களுக்குப் பொருந்துமா என்பதை நம் மக்களைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எத்தனை ஆண்டு என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) பணி. 2016இலிருந்து அது ஒப்பந்த நியமனம் என்பதால், நிரந்தரப் பணி எப்போது என்ற கவலையையும் சுமக்க வேண்டும். பிறகு பொது மருத்துவத்தில் நிபுணத்துவம்: பல்கலைக்கழகத்தில் நான்காண்டு முதுகலை, அல்லது வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டனின் பொது மருத்துவத் தேர்வான எம்.ஆர்.சி.பி.யின் மூன்று பகுதிகள். அதன்மேல் நரம்பியலுக்குச் சுமார் மூன்றாண்டு. மறதி நோய்க்கென்று வெளிநாட்டில் ஓராண்டோ இரண்டாண்டோ பயிற்சி. முனைவர் பட்டம் என்றால் இன்னும் மூன்று நான்கு. எல்லாம் சீராகப் போனாலும் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிடும். இடையில் திருமணம், பிள்ளைப்பேறு, பெற்றோர் உடல்நலம் எல்லாம் வரும். அவற்றுக்காக ஓராண்டு தள்ளிப் போட்டவர்கள் யாரும் கெட்டுப் போகவில்லை. அவசரப்படுத்தாதீர்கள்.

அதன் பிறகான வாழ்க்கை மூன்று துண்டாக இருக்கும்: நோயாளி பார்ப்பது, கற்பிப்பது, ஆராய்வது. பதவி உயர்வு பெரும்பாலும் மூன்றாவதை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆனால் நாளின் பெரும்பகுதியை முதலாவது விழுங்கிவிடும். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறுவது, கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டால் மீண்டும் எழுதுவது என்று இரவுகள் கழியும். நினைவு தவறியவரிடம் ஆய்வுக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி, அவர் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்பதே தனிக் கல்வி. ஒரு முறை, எங்கள் விண்ணப்பத்தில் தமிழ் ஒப்புதல் படிவத்தைப் பார்த்த ஒருவர், "இந்த வயதில் இவர்கள் யார் படிக்கப் போகிறார்கள், மலாய் போதாதா?" என்று கேட்டார். படித்துக் காட்டுவதற்கு என்றேன். விண்ணப்பம் ஆறு மாதம் தாமதமானது. இப்படிச் சில சிராய்ப்புகள் இருக்கும். தனியார் மருத்துவமனையில் இதயம் பார்ப்பவரின் வருமானம் இதில் வராது; உங்கள் உறவினர்கள் சொல்வதில் அது மறுக்க முடியாதது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இந்த நோயாளிகள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போவார்கள். எட்டாண்டு பார்த்த ஒருவர், ஒன்பதாம் ஆண்டு நம்மை யாரென்று கேட்பார். அந்த எட்டாண்டும் உண்மையில் நாம் பார்த்தது அவருடைய மகளையோ மருமகளையோ தான். மூலிகை வாங்கலாமா, வங்கிக் கணக்கு என்ன செய்வது, வீட்டுப் பெயரை மாற்றலாமா என்று அவர்கள் கேட்பார்கள். நம் நாட்டில் ஒருவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், அவர் சித்தத் தெளிவை இழந்தபின் பொதுவாகச் செல்லாது. பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாட வேண்டிவரும். ஆகவே தெளிவு இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன். இதுவும் மருத்துவம்தான் என்று மாணவர்களுக்குப் புரிய வைக்கக் கொஞ்சக் காலம் பிடிக்கிறது.

பால்வெட்டுக்காரப் பாட்டிகள் பலரிடம் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாளியைத் தேடுவார்கள், தலைவிளக்கைக் கேட்பார்கள், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, மேற்பார்வை பார்க்கும் தண்டல் ஏசுவார் என்று பதறுவார்கள். தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகியும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அண்மைய நினைவுகளே முதலில் அழிகின்றன. நாற்பது ஆண்டு கை பழகியது கடைசிவரை நிற்கிறது. "தோட்டம் இப்ப இல்லம்மா" என்று வாதாடினால் பதற்றம் கூடும். கதவைப் பூட்டினால் அழுவார்கள். ஒரு குடும்பத்தில் மருமகள் தானாகவே ஒரு வழி கண்டார்: "இன்னைக்கு மழை அத்தை, வெட்டு இல்லை, காப்பி குடிங்க." பாட்டி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். மழை நாளில் வெட்டில்லை என்பது அவருக்குள் இன்னும் உயிரோடு இருந்தது. வெளிநாட்டுக் கையேடு எதிலும் இந்த வாக்கியம் இருக்காது. இத்தகையவற்றைத் திரட்டி, எத்தனை வீடுகளில் இரவு அமைதியாகிறது என்று அளந்து எழுதினால், அதுவும் ஆராய்ச்சியே.

மகளுக்கு இப்போதைக்கு மூன்றே பேச்சு. புள்ளியியலை வெறுக்காமல் கற்கட்டும். விருப்பப் பணிக் காலத்தை முதியோர் மருத்துவப் பிரிவில் கழிக்கட்டும். பாட்டியோடு பேசும் தமிழை விட்டுவிட வேண்டாம்.

பாட்டியைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டாண்டு மறதிக்கு இதுவரை யாரும் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். சுங்கை சிப்புட் கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட, மறதி நோய் வாய்ப்பைக் கூட்டும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவும் பார்வைக் குறைவும் உண்டு. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், சீனக் கடையில் வாங்கியவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பத்தாண்டுக்கு முன் பாட்டி என்னென்ன தனியாகச் செய்தார், இன்று அதில் எது முடியவில்லை என்று மகள் ஒரு தாளில் எழுதித் தரட்டும். நீங்கள் மட்டும் போகாமல், இரவில் அவருக்குப் பக்கத்தில் படுப்பவர் யாரோ அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.